காரைவிட்டு இறங்காத கணக்காய்வாளர்

என் தம்பி ரதீசனின் மனைவி தாட்சாயினி என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "கவுண்மேந்திலை கள்ளன் பிடிக்கிற வேலை" என்பார்கள். சிலர் அவளை மரக்கறிக் கடையில் கண்டதும், "எங்களைப் பிடிச்சுப் போடாதை பிள்ளை" என்று பகிடி விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "ஓம் அன்ரி, பேந்து வந்து பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்பாள்.

அவள் கள்ளன் பிடிப்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையில் இருக்கும் ஒரு நகரத்தின் கணக்காய்வுக் கந்தோரில் வேலை செய்கிறாள். நகரத்தின் பெயர் இங்கே வேண்டாம். குடிதண்ணீர், தெரு, பூங்கா, தீயணைப்பு என்று நகரசபை செய்கிற காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து, சபைக்கு அறிக்கை கொடுக்கிற கந்தோர் அது. வெளியே போய்ப் பார்த்து எழுதுவதற்குக் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் குழுக்கள் எழுதியதை, அவற்றில் சேராத ஒரு ஆளாக இருந்து கடைசியாக வாசிப்பதுதான் தாட்சாயினியின் வேலை. இந்த முடிவைச் சொல்ல இந்தச் சான்று போதும் என்று அவள் கையெழுத்து வைத்தால்தான் அறிக்கை வாசல் தாண்டும்.

நான் கௌரி. கார் ஓட்டப் பழக்குகிறவள். இந்த ஊரில் எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்லித் திரிகிறேன். ஒருநாள் அவளிடமும் சொன்னேன்.

"என்னட்டைப் பழகினதிலை ஒருத்தரும் ஃபெயில் இல்லைத் தெரியுமோ?"

"எப்பிடித் தெரியும், மச்சாள்?"

"ஃபெயில் எண்டால் எனக்குச் சொல்லுவினம்தானே."

"ஃபெயில் விட்டவை உங்களிட்டை வந்து சொல்லுவினமோ, வேறை ஆளிட்டைப் போவினமோ?"

அதோடு கொஞ்ச நாள் நான் அவளுடன் கதைக்கவில்லை. பிறகு ஆறுதலாக யோசித்தபோது, திடீரென்று வராமல் நின்றுபோன சில முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவள் அப்படித்தான். குரலை உயர்த்த மாட்டாள். "எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத் தன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பாள்.

இந்தக் குணம் படிப்பால் வந்தது என்று ரதீசன் சொல்வான். அவனுக்குத் தெரியாது. மானிப்பாயில் பிறந்து, சிறுபிள்ளையாக இங்கே வந்து இறங்கியவள் அவள். தகப்பனுக்கு ரெஸ்டோரன்ட் குசினி, தாய்க்குத் தையல் ஃபேக்டரி. வீட்டில் முதலில் பிரெஞ்சு பிடிபட்டது இவளுக்குத்தான். ஆகவே வாடகைப் பிரச்சினை, ஆஸ்பத்திரி, அகதி வழக்கு எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடப் பையோடு தாய்தகப்பனுக்கு நடுவில் இருந்து மொழிபெயர்த்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "அப்படித்தான் விதி" என்பார். இவள், "அது எங்கே எழுதியிருக்கிறது, மதாம்?" என்று மரியாதையாகக் கேட்பாள். பல தடவை எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து கணக்கியல் படித்ததில் என்ன அதிசயம்?

படித்த பின் ஒரு தனியார் நிறுவனத்தில் சில வருடம் இருந்தாள். அங்கிருந்து அவளை நகரசபைக் கந்தோருக்குக் கூட்டிவந்தவர் றோசலின் அக்கா. பாசையூர்க்காரி. அந்தக் கந்தோரில் அப்போது இருந்த ஒரே தமிழர். இடம் ஒன்று காலியாகிறது, விண்ணப்பம் போடு என்று அவர்தான் தாட்சாயினியைப் பிடித்துத் தள்ளினார். அன்றிலிருந்து இருவருக்கும் மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். கணவாய்க் கறி என்றால் றோசலின் அக்காவுக்கு உயிர். இவள் தன் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ், மெட்ரோ, லொங்குய்யில் இறங்கி இன்னொரு பஸ் என்று அந்தக் கணவாயை மடியில் வைத்துக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம்.

றோசலின் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மரியாதையின் மறுபெயர். எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போக மாட்டார். முதல் நாள் போன் எடுப்பார், வெளிக்கிடும்போது எடுப்பார், தெருமுனையில் நின்றும் எடுப்பார். நான் அதற்கு நேர் எதிர். படிக்க வருகிற ஆள் வகுப்பைக் கடைசி நேரத்தில் கைவிட்டால், காரை நேரே தம்பி வீட்டுக்கு விடுவேன். கதவு திறந்த பிறகுதான் நான் வந்தது அவர்களுக்குத் தெரியும். தாட்சாயினிக்கு அதில் எரிச்சல். ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் அவள் முகத்தை வாசிக்க எனக்குத் தெரியாதா?

போன குளிர்காலம் றோசலின் அக்காவின் குழு எடுத்த விஷயம் ஹைட்ரண்ட். தெருவோரத்தில் சிவப்பாகக் குந்தியிருக்குமே, தீயணைப்புக்காரர் தண்ணீர் எடுக்கிற குழாய், அதுதான். கேள்வி சின்னது. பனி மூடும் மாதங்களில், ஒரு வீடு பற்றி எரிந்தால், அந்தக் குழாய்களை உடனே கண்டுபிடித்துத் திறக்க முடியுமா? குழு பல தெருக்களுக்குப் போய்ப் பார்த்தது, திறந்து பார்த்தது, படம் எடுத்தது. எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று எழுதியது. மார்ச் மாதம் சபைக்குப் போக வேண்டிய அறிக்கை. அது முடிந்ததும் றோசலின் அக்கா ஓய்வு பெறுவார். அவருடைய கடைசி அறிக்கை. பிரியாவிடைக்கு மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது.

வாசிக்கிற ஆள் தாட்சாயினி. சொல்ல மறந்துவிட்டேன், இதில் எதையும் அப்போது அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. கந்தோர்க் கதையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். அறிக்கை சபையில் வாசித்து ஊருக்கே தெரிந்த பிறகு, பிரியாவிடையில் றோசலின் அக்காவே ஒலிவாங்கியைப் பிடித்து முழுக்கதையையும் சொன்னார். ஆகவே இதில் பாதி நான் கண்டது, மீதி அவர் சொன்னது.

படங்களில்தான் தொடங்கியது. ஒவ்வொரு ஹைட்ரண்டைச் சுற்றியும் பனி வெட்டப்பட்டிருந்தது. வெட்டின ஓரம் கூர்மையாக, உள்ளே பால் வெள்ளையாக, சற்றுமுன்தான் வெட்டினதுபோல. அதற்குப் பக்கத்தில் கிடந்த பனி புகையும் உப்பும் பட்டுச் சாம்பலாகக் கிடந்தது. ஒரு தெருவில் அப்படி இருந்தால் சரி. நகரத்தின் நாலு மூலையிலும் அப்படியேவா? இவளுக்கு மனதுக்குள் ஏதோ நெருடியது. ஆனால் குறையென்று காட்ட ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதைக் குறையாகச் சொல்ல முடியுமா?

அந்தச் சனிக்கிழமை நான் வழக்கம்போலப் போய்க் கதவைத் தட்டினேன். வீடு பளபளவென்று இருந்தது. பின்தெருவில் இருக்கும் அனந்தராமன் ஐயாவும் அவர் மனைவி பத்மாவும் சாப்பாட்டுக்கு வருவதாக எப்போதோ சொல்லிவைத்திருந்தார்களாம். என் சப்பாத்திலிருந்து பனி உருகி நிலம் நனைந்தது. துடைக்கலாம் என்று துணி தோய்க்கிற அறைக் கதவைத் திறந்தேன். தாட்சாயினி, "மச்சாள், வேண்டாம்!" என்று கத்தியதும் கதவு திறந்ததும் ஒன்றாக நடந்தது. தோய்த்த துணி, தோய்க்காத துணி, மகள் வினோஜாவின் பள்ளிக்கூட அட்டை வீடு, உடைந்த மேசை விளக்கு, பனிக் காற்சட்டைகள், ஒரு வெங்காய மூட்டை எல்லாம் என் காலடியில் வந்து சரிந்தன.

நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். நடுவில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்கள் சொல்லாமல் வந்தபடியால்தான் உங்களுக்கு இது தெரியுது" என்றாள்.

"இவ்வளவு நாளும் நான் சொல்லாமல்தானே வாறன்?"

அவள் அந்தத் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். யோசனை எங்கேயோ போய்விட்டது. நான்தான் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் விருந்தாளிகள் வந்தார்கள். பத்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க வீடு எப்பவுமே எவ்வளவு நீட்டா இருக்கு தாட்சாயினி! எங்க வீட்ல எல்லாம் ஒரே குப்பை" என்றார். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

திங்கட்கிழமை அவள் றோசலின் அக்காவின் குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள். நீங்கள் எந்தத் தெருவுக்கு வரப்போகிறீர்கள் என்று, போவதற்கு முன் யாருக்குத் தெரியும்?

மறுமொழி நேர்மையாக வந்தது. ஹைட்ரண்டைத் திறக்கச் சாவியோடு தெருப்பராமரிப்புப் பகுதியின் ஆள் வர வேண்டும். ஆகவே எந்தெந்தத் தெரு என்று முதல் நாளே அந்தப் பகுதிக்குச் சொல்லிவிடுவோம். றோசலின் அக்கா இருக்கிற இடத்தில் வேறு எப்படி நடந்திருக்கும்? சொல்லாமல் போய் நிற்பது அவருடைய அகராதியிலேயே இல்லை. அந்தப் பகுதிக்காரரும் கெட்டவர்கள் இல்லை. ஆள் வருகிறது என்றால் வாசல் கூட்டாத வீடு எது?

தாட்சாயினி கையெழுத்து வைக்கவில்லை. இந்தச் சான்று இந்த முடிவுக்குப் போதாது, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டாள்.

றோசலின் அக்கா அவளுடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"என்னைக் கள்ளி எண்டு சொல்லுறியோ?"

"இல்லையக்கா. உங்களை நம்புறன். அந்தப் பனியைத்தான் நம்பேல்லை."

"இது என்ரை கடைசி அறிக்கை எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். வாற குளிருக்கு நீங்கள் இஞ்சை இருக்கமாட்டியள், அந்த அறிக்கை இருக்கும்."

றோசலின் அக்கா கதவைத் திறந்துகொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டைத் தன் அறையிலேயே சாப்பிட்டார். கந்தோரின் தலைவி நல்ல மனுசி, ஆனால் சபைக்குத் தேதி கொடுத்துவிட்டாரே. ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கலாமே என்றார். இல்லையென்றால் வாசிக்க வேறு ஆளைப் போடலாம் என்றும் மெல்லச் சொன்னார். "போடலாம், அது உங்கள் உரிமை" என்றாளாம் தாட்சாயினி. "ஆனால் என் கேள்வி கோப்பில் இருக்கும். வருகிறவரும் அதற்கு மறுமொழி வாங்கித்தான் ஆக வேண்டும்." தலைவி அவளை உற்றுப் பார்த்தார். வேறு ஆளைப் போடவில்லை.

பயந்தாளா என்று பிறகு கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்புகிறேன். தன் வேலை இன்னது என்று அவளுக்கு அவ்வளவு தெளிவு. ஆனால் அந்த நாட்களில் ஒரு பின்னேரம் போனபோது, சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த கணவாய்க் கறியை அப்படியே குப்பையில் கொட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. வெங்காயமா என்று கேட்டேன். ஓம் என்றாள். அங்கே வெங்காயம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

அதே வாரம் தென்கரையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் பிறந்தநாள். அவள் வேலை செய்கிற அதே நகரம். முதல் நாள் பனி கொட்டித் தீர்த்திருந்தது. நான்தான் ஓட்டினேன், அவள் பக்கத்தில். ஒரு ஒழுங்கையில் திரும்பும்போது, தெருவோரம் என் காருக்கு மேலாகக் குவிந்த பனியில் ஒரு கம்பியின் நுனி மட்டும் தெரிந்தது. ஹைட்ரண்ட் இருக்கும் இடத்தைக் காட்ட நடுகிற கம்பி. என்னிடம் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான், அதற்கு முன்னால் காரை விட்டால் தண்டம் என்று.

"உங்கை பார், ஹைட்ரண்ட். ஆரும் கிண்டி எடுக்கிறதுக்கிடையிலை வீடு எரிஞ்சு முடிஞ்சிடும்" என்றேன் விளையாட்டாக.

அவள் அந்தக் கம்பியைப் பார்த்த பார்வையில் நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். என்ன சங்கதி என்று தெரியாது, ஆனால் அவளைத் தின்றுகொண்டிருப்பது அதுதான் என்று விளங்கிவிட்டது.

"கந்தோர் அலுவலோ? இறங்கிப் போய்ப் பாரன். ஒரு படம் எடு. நான் நிக்கிறன்."

"மாட்டன், மச்சாள்."

"ஏன்? கண்ணுக்கு முன்னாலை கிடக்குது."

"நான் இறங்கிப் பாத்தால் நானும் பாத்த ஆளாப் போயிடுவன். பேந்து பாத்ததைச் சரிபாக்க ஆர் இருக்கினம்? கேள்வி கேக்கிறது என்ரை வேலை. போய்ப் பாக்கிறது அவையின்ரை வேலை. ரெண்டையும் நானே செய்தால் என்ரை கையெழுத்துக்கு என்ன மதிப்பு?"

"உனக்கு விசரடி!"

"ஓம். இப்ப காரை எடுங்கோ, பின்னாலை ஹோன் அடிக்கிறாங்கள்."

எடுத்தேன். எனக்கு அப்போது ஆத்திரம். கதவைத் திறந்து நாலு அடி நடந்து, கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் அவளைத் தின்கிற சங்கதி எதுவோ, அது அங்கேயே முடிந்திருக்குமே. அவள் மடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். கேக் வெட்டும்போதும் அப்படியே இருந்தாள். இன்று யோசிக்கும்போது, அந்தக் காரில் இருந்த இருவரில் நிதானமாக இருந்தவள் அவள்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

றோசலின் அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ரோசக்காரி. தான் எழுதியது சரி என்று காட்டுவதற்காகவே மறுபடி வெளிக்கிட்டார். அந்த மார்ச்சில் பெரிய பனி ஒன்று கொட்டியது. இந்த முறை எந்தத் தெரு என்பதைக் காலையில் காருக்குள் இருந்துதான் முடிவு செய்தார். சாவியைத் தெருப்பராமரிப்புப் பகுதியிடம் கேட்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, போகிற இடத்தை அவருக்கும் தெருமுனையில்தான் சொன்னார்.

முதல் தெருவில் ஹைட்ரண்ட் சுத்தமாக இருந்தது. அவருக்குச் சந்தோஷம். அடுத்த தெருவில் கம்பி இருந்தது, குழாயைக் காணவில்லை. அதற்கடுத்ததில் கம்பியும் இல்லை. காரிலிருந்த மண்வெட்டியை எடுத்து அவரே கிண்டத் தொடங்கினார். ஓய்வுக்குப் போகிற வயதில் இடுப்பளவு பனியில் நின்று கிண்டினார். தீயணைப்புக்காரர், "மதாம், விடுங்கள்" என்று பறிக்கப் பார்த்தும் கொடுக்கவில்லை. சிவப்புத் தலை தெரிந்தபோது மூடி உறைந்து திறக்க முடியாமல் இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிரியாவிடையில் அந்த இடத்துக்கு வந்தபோது றோசலின் அக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை எனக்குக் கை காட்டினது. நான் அந்த வீட்டுக்கு 'எல்லாம் நல்லாயிருக்கு' எண்டு எழுதி வைச்சனான்" என்றார்.

அறிக்கையைத் திருப்பி எழுதினார்கள். சபைக்குப் பிந்திப் போனது. ஓய்வும் பிந்தியது, மண்டபக்காரரும் முணுமுணுத்தார். தாட்சாயினி புதிய கோப்பை முதலிலிருந்து வாசித்து, இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம் கேட்டு, அவற்றுக்கும் மறுமொழி வந்த பிறகு கையெழுத்து வைத்தாள். அறிக்கை வெளிவந்து, நகரசபை ஒவ்வொரு பனிக்குப் பிறகும் ஹைட்ரண்ட் கிண்ட ஆள் போட்டது. கையெழுத்து வைத்த அன்று றோசலின் அக்கா கோப்பை வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் "மெர்சி", நன்றி, என்று மட்டும் சொன்னார். தமிழில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவள் ரதீசனிடம் சொன்ன ஒரே கந்தோர்க் கதை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கேதான் இருந்தேன். சொல்லாமல்தான் போயிருந்தேன். வீடு வழக்கமான கோலத்தில் இருந்தது. சோபா முழுக்கத் தோய்த்த துணி, நிலம் முழுக்க வினோஜாவின் கத்தரித்த கடதாசி, ரதீசன் பெனியனோடு பிரிட்ஜைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். தாட்சாயினி தலையில் எண்ணெயோடும் கிழிந்த வீட்டுச் சட்டையோடும் நின்றாள். மணி அடித்தது.

வினோஜா ஓடிப்போய்த் திறந்தாள். வாசலில் றோசலின் அக்கா. போன் இல்லை, முதல் நாள் இல்லை, தெருமுனை இல்லை. கையில் ஒரு பெரிய சட்டி, துணியால் கட்டியிருந்தது. மணத்திலேயே கணவாய் என்று தெரிந்தது.

தாட்சாயினி எண்ணெய்த் தலையை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"ஐயோ அக்கா, வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! வீடு கிடக்கிற கிடை..."

றோசலின் அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கடதாசியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பெனியனோடு திகைத்து நின்ற என் தம்பியைப் பார்த்தார்.

"எத்தினை தரம் இஞ்சை வந்திருக்கிறன், பிள்ளை. இண்டைக்குத்தான் உன்ரை வீட்டைப் பாக்கிறன்."

பிறகு துணிக் குவியலை ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சோபாவில் இருந்துகொண்டு, சோறு இருக்கிறதா என்று கேட்டார்.